நின்று படிப்போம், நிலைத்து முயல்வோம்

(ஒரு கிராமத்து வாசிகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அரசியல் மேடைகளிலே பேசிப் பழகிய எம்மை அழைத்து, "வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி?" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நிருவாகத்தினர் பணித்திருக்கின்றனர். இன்று தேர்தலைப் பற்றியோ கட்சியைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. ஆயினும், இன்று பேசவிருக்கும் பொருள் அவற்றினும் சிறியதன்று. தன் கையிலுள்ள காகிதத்தைத் தானே படித்து விளங்கிக்கொள்ளாத மனிதனுக்கு எந்த அரசியல் உரிமை கிடைத்தாலும் அது அவன் கையில் நில்லாது என்பது எமது துணிபு.

முன்னேற்றம் என்றால் என்ன? ஊரிலே கேட்டால் சிலர் உத்தியோகம் என்பர். சிலர் கல்வீடு என்பர். சிலர் வெளிநாட்டுப் பயணம் என்பர். அவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவை வரும், போகும். பிறர் சொல்லை மட்டும் நம்பியிராமல், தன் காரியத்தைத் தானே அறிந்து, தானே முடிவு செய்து, அம்முடிவிலே தவறு கண்டால் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலையே நாம் முன்னேற்றம் என்போம். அந்த ஆற்றலுக்கு வழிகள் இரண்டு. ஒன்று, சிந்தித்துப் படித்தல். மற்றொன்று, எடுத்ததை விடாது தொடர்தல்.

எமது தவறு ஒன்று

பிறருடைய கதைகளைச் சொல்லுமுன் எமது தவறு ஒன்றைச் சொல்லிவிடுவது நேர்மையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கமக்காரர் தமது மகளையும் அழைத்துக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வந்தார். பத்துப் பரப்புச் செம்மண் தோட்டம் அவருடைய முதுசம். மூத்த மகளின் கலியாணச் செலவுக்காக அதன் மேல் பணம் வாங்கியிருந்தார். அவர் அதனை "ஒற்றி" என்றே சொன்னார். உண்மையில் அவர் கையொப்பமிட்டது ஒற்றி அன்று. காணியை விற்றதாகவே எழுதி, ஐந்து ஆண்டுகளுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மீட்டுக்கொள்ளலாம், தவறினால் காணி வாங்கியவருக்கே அறுதி என்று நிபந்தனை வைத்த உறுதி அது.

இந்த மயக்கம் நம் ஊரவர்க்கு இயல்பானதே. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் ஒற்றிக்கு இடமுண்டு. பணத்தைத் திருப்பினால் காணி திரும்பும் என்பது தலைமுறை தலைமுறையாக நம் காதிலே விழுந்த முறை. ஆதலின், காணியின் மேல் பணம் வாங்கினால் அது எல்லாம் ஒற்றிதான் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால், நொத்தாரிசு எழுதும் உறுதியிலே நம் எண்ணம் எழுதப்படுவதில்லை. அங்குள்ள சொல்லே நிற்கும்.

"தவணை எப்போது முடிகிறது?" என்று நாம் கேட்டோம். "ஆனி மாதம் ஐயா" என்றார் அவர். உறுதியின் முதற் பக்கத்தையும் ஒப்பங்கள் இருந்த கடைசிப் பக்கத்தையும் பார்த்தோம். அன்று வழக்குகள் பல இருந்தன. "காலம் இருக்கிறது. பங்குனியில் வெங்காயம் கிண்டிய பின் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அப்போது தை மாதத்தின் கடைசி வாரம்.

மறுநாட் காலையிலே, அலுவலகம் திறக்கும் முன்னரே, அந்தப் பெண்பிள்ளை தந்தையுடன் வாசலில் நின்றாள். பத்தாம் வகுப்பிலே படிக்கும் பிள்ளை. முதல்நாள் இரவு அந்த உறுதியை மூன்று முறை படித்தாளாம். "ஐயா, காசு முழுக்க வாங்கின நாளிலிருந்து எண்டு இதிலை இல்லை. உறுதி முடிச்ச நாளிலிருந்து ஐஞ்சு வரியம் எண்டுதான் கிடக்குது. அப்பா ஆனியிலை வாங்கினது ரண்டாந்தரக் காசு. உறுதி முடிச்சது மாசியிலை" என்றாள்.

நாம் உறுதியை வாங்கி, இம்முறை முதலெழுத்து முதல் இறுதிவரை படித்தோம். பிள்ளை சொன்னதே சரி. எஞ்சியிருந்தவை இருபத்து மூன்று நாட்கள்! பங்குனி வரும்வரை காத்திருந்தால் அந்தக் குடும்பத்தின் தோட்டம் எமது சொல்லைக் கேட்டதனாலேயே போயிருக்கும். சட்டம் கற்ற நாம் தவறவிட்ட வரியைச் சட்டம் கல்லாத சிறுமி கண்டாள். அவளுக்கு எம்மிலும் அறிவு கூடவா? அன்று. அவள் நின்று படித்தாள். நாம் ஓடிப் படித்தோம். வேறுபாடு அவ்வளவே.

அதன்பின் அந்தக் கமக்காரர் பட்ட பாட்டைச் சொல்லல் அரிது. வீட்டிலிருந்த நகை அடகுக்குப் போயிற்று. உறவினரிடம் கைமாற்று வாங்கினார். ஒருவர் இல்லையென்றார், மற்றொருவரிடம் போனார். அவரும் கைவிரித்தார், முதல்வரிடமே மீண்டும் சென்றார். கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்னதாகப் பணம் சேர்ந்தது. காணி மீண்டும் அவர் பெயருக்கு எழுதப்பட்டது. மகளின் படிப்பு ஆபத்தைக் காட்டியது. தந்தையின் விடாமுயற்சி அதிலிருந்து மீட்டது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் தோட்டம் தப்பியிராது. இன்று நாம் சொல்ல வந்ததன் சாரம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கிவிட்டது.

புள்ளியில்லாத ஏடு

"இது உறுதிக்கும் வழக்குக்கும் பொருந்தும், கல்விக்கு எப்படி?" என்று மாணவர்கள் கேட்கலாம். நம் தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்த வரலாறே அதற்கு விடை.

பழைய ஏட்டுச்சுவடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களிலே குறில் எது, நெடில் எது என்று தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒன்று போலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. பாட்டும் உரையும் ஒன்றோடொன்று கலந்து ஓடும். அத்தகைய ஏட்டை வெறும் கண்ணால் படிக்க முடியாது. ஒவ்வோர் எழுத்திலும் நின்று, "இங்கே எது பொருந்தும்?" என்று தன்னைத் தானே கேட்டு, விடை கண்ட பின்னரே அடுத்த எழுத்துக்குப் போகலாம். சிந்தியாதவனுக்கு ஏடு வாய் திறவாது.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடங்கேட்டவர். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியரானார். அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் வரிசையாகச் சொன்னார். முதலியாருக்கு அது நிறைவளிக்கவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. சீவகசிந்தாமணியின் பிரதி ஒன்று அவர் கைக்கு வந்தது.

சிந்தித்துப் பாருங்கள். ஊரே புலவர் என்று மதிக்கும் ஒருவர், கல்லூரி ஆசிரியர். தாம் இதுவரை கற்றது போதாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே உணர்த்துகிறார். நம்மில் எத்தனை பேர் அதைப் பொறுத்திருப்போம்? ஐயர் சினங்கொள்ளவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய அந்நூலைக் கையில் எடுத்தார். நூல் சைன நூல். அதன் சமயக் கருத்துக்கள் அவருக்குப் புதியவை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பாவனை செய்யாமல், சைனர்களிடமே சென்று மாணாக்கர்போல் கேட்டுத் தெளிந்தார். ஊர் ஊராகச் சென்று பிரதிகள் தேடினார், ஒன்றோடொன்றை ஒப்பிட்டார். சிந்தாமணி அச்சேறியது 1887இல். இடையிலே கழிந்தவை ஏழு ஆண்டுகள்!

அதன் பின்னராவது ஓய்ந்தாரா? 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று தொடர்ந்தார். 1942இல் மறையும் வரை அப்பணி நிற்கவில்லை. ஒரு கேள்வியும் ஒரு பிரதியும் தொடக்கமாயின. ஆனால் தொடங்கியவர் தொடர்ந்ததாலேயே நமக்கு இந்நூல்கள் உண்டு.

சிறுப்பிட்டியிலிருந்து சென்றவர்

தமிழகத்துக் கதையைச் சொல்லி நம்மவரை மறந்துவிட்டோம் என்று எண்ணவேண்டா. நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்று, சென்னைக்குச் சென்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். மற்றவரும் நம்மவரே; கறல் விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை அத்துடன் நின்றிருந்தாலும் ஊர் அவரை மெச்சியிருக்கும். அரசாங்க உத்தியோகம் இருந்தது, வருவாய் இருந்தது. ஆயினும் அவர் நிற்கவில்லை. உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டம் பயின்று 1871இல் சட்டப் பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டுக்கு மேல். "வயது போய்விட்டது, இனி என்ன படிப்பு" என்று சொல்வோர் இக்கணக்கை நினைவில் வைப்பார்களாக.

உத்தியோகத்துக்கும் வழக்குக்கும் இடையே, பகலிலே பிழைப்பையும் எஞ்சிய நேரத்திலே ஏட்டையும் பார்த்தவர் அவர். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று அச்சேற்றினார். எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலாக அச்சு வடிவம் கண்டது அவருடைய கலித்தொகையே. புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்த காலத்திலும் ஏட்டை அவர் கைவிடவில்லை. 1901ஆம் ஆண்டின் முதல் நாளிலே அவர் மறைந்தார்.

அவரிடமும் பிழை நேர்ந்ததுண்டு. பொருளதிகாரம் முழுவதுக்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையது என்று கருதியே அவர் பதிப்பித்தார். பிற்பகுதி இயல்கள் சிலவற்றின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர் ஆராய்ந்து காட்டினர். இதனால் தாமோதரம்பிள்ளையின் புகழ் குன்றியதா? இல்லை. அவர் அச்சேற்றியதனாலன்றோ பின்வந்தோர் நின்று படித்துப் பிழை காண முடிந்தது? பிழைக்கு அஞ்சி அவர் ஏட்டைக் கட்டியே வைத்திருந்தால், பிழையும் இராது, நூலும் இராது, செல்லுக்கு இரையாகியிருக்கும். பிழை வந்துவிடுமோ என்று தொடங்காமலே இருக்கும் இளைஞர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும்.

ஒருவர் வீட்டிலிருந்து

இன்று நாம் ஒரு வாசிகசாலையில் நிற்கிறோம். ஆதலின் இன்னுமொருவரை நினையாது செல்லல் ஆகாது. 1933இல் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தமது வீட்டிலே நூல்களை வைத்துப் பிறர் படிக்கக் கொடுத்தார். மறுவருடம் அது வாடகை அறைக்கு மாறியது. பின் நகரத்தின் பொறுப்பாயிற்று. பலருடைய முயற்சியால் 1959இல் அழகிய கட்டடம் திறக்கப்பட்டது. அதுவே யாழ்ப்பாணப் பொது நூலகம். ஒருவர் வீட்டு அலுமாரி, கால் நூற்றாண்டிலே ஓர் இனத்தின் அறிவுக் களஞ்சியமாயிற்று.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதி நாள் இரவிலும் மறுநாளிலும் என்ன நடந்தது என்பதை இந்த அவைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் சுவடிகளும் சாம்பராயின.

இங்கே ஓர் உண்மையை ஒளியாமல் சொல்லவேண்டும். முயன்றவர் எல்லாம் வென்றனர் என்று மேடையிலே சொல்வது எளிது; ஆனால் அது பொய். முயன்றும் இழந்தவர் நம்மிடையே பலர். தம் தவறு எதுவுமின்றிக் காணியை இழந்தவரும், வீட்டை இழந்தவரும், பிள்ளையை இழந்தவரும் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். அவர்களை நோக்கி "நீங்கள் போதிய அளவு முயலவில்லை" என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. அநீதியை அநீதி என்றே சொல்லவேண்டும். அதற்கு நியாயம் கேட்பதும் வேண்டும்.

ஆயினும், எரிந்த இடத்திலே மீண்டும் நூலகம் எழுந்து நிற்கிறது என்பதும் உண்மை. 2005இல் தொடங்கிய "நூலகம்" என்னும் எண்ணிம நூலகத்திலே, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, உலகில் எங்கிருப்பவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. இழப்பு நம் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. இழந்த பின் மீண்டும் முதற் பக்கத்தைத் திறப்பதா இல்லையா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

கமக்காரருக்கு என்ன?

"தோட்டத்திலே துறவிலே முறிகிற எங்களுக்குப் படிக்க நேரம் ஏது?" என்று கமக்காரர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் படிப்பின் சாரத்தை அவர்கள் முன்னரே அறிந்திருக்கிறார்கள். இலை சுருண்டால் நீர் குறைவா, நோயா, பூச்சியா என்று நின்று பார்க்கிறவர் கமக்காரர். ஒரு போகம் பிழைத்தால் மறு போகத்துக்கு மண்ணைக் கொத்துகிறவரும் அவரே. அந்த நிதானத்தையும் அந்த விடாப்பிடியையும் காகிதத்தின் மேலும் செலுத்துமாறே கேட்கிறோம். பூச்சிமருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் துண்டைப் படியுங்கள். எவ்வளவு நீருக்கு எவ்வளவு மருந்து, தெளித்து எத்தனை நாளின் பின் அறுக்கலாம் என்பன அங்கே இருக்கின்றன. வங்கிக் கடன் பத்திரத்தைப் படியுங்கள். பிணை நிற்கும் முன் எத்தனை ரூபாவுக்கு, எத்தனை காலத்துக்கு என்று படியுங்கள். கண் மங்கியவர்கள் பிள்ளையைக் கொண்டு படிப்பியுங்கள். விளங்கும் வரை ஒப்பமிடாதீர்கள்.

உத்தியோகத்தரும் வைத்தியரும் ஆசிரியரும் எம்போன்ற சட்டத்தரணிகளும் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்கவேண்டும். பட்டம் பெற்ற பின் நாம் கடைசியாக நின்று படித்த நூல் எது? 1945இல் வந்த இலவசக் கல்வியால் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழக வாசலை மிதித்தனர். அந்தச் செலவைச் சுமந்தவர்கள் இந்நாட்டு மக்கள். அவர்கள் கொண்டு வரும் காகிதத்தை ஓடிப் படித்து அனுப்புவது அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு ஆகாது. நாம் செய்த தவறு அதுவே. அன்று முதல், வந்தவர் முன்னிலையில் முழு உறுதியையும் வாசித்து முடிக்காமல் எவர்க்கும் யோசனை சொல்வதில்லை என்று விதி வகுத்துக்கொண்டோம்.

மாணவர்களுக்கு நான்கு சொற்கள். படிக்குமுன், இதிலிருந்து எதனை அறிய விரும்புகிறேன் என்று ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். விளங்காத இடத்தைத் தாண்டாதீர்கள்; அங்கே அடையாளமிட்டு, தெரிந்தவரிடம் கேளுங்கள். படித்து முடித்தபின் நூலை மூடிவைத்து, உங்கள் சொந்தச் சொல்லிலே ஐந்து வரி எழுதுங்கள். எழுத வரவில்லையெனில் இன்னும் படிக்கவில்லை என்பது பொருள். நான்காவது, நாள்தோறும் சிறிதாயினும் செய்யுங்கள். பரீட்சைக்கு முதல் வாரம் இரவு முழுவதும் விழிப்பதிலும், ஆண்டு முழுவதும் நாளுக்கு அரைமணி நேரம் மேல். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வயிறு முட்ட நீர் இறைத்தால் எந்தப் பயிர் தழைக்கும்?

பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விடாமுயற்சி என்பது முன் செய்ததையே மீண்டும் செய்வதன்று. எங்கே பிழைத்தது என்று விடைத்தாளை நினைந்து பார்த்து, வழியை மாற்றி, குறிக்கோளை மாற்றாது செல்வதே விடாமுயற்சி. படிப்பில்லாத முயற்சி பிடிவாதமாகும். முயற்சியில்லாத படிப்பு பொழுதுபோக்காகும்.

அன்பர்களே! இவ்வாசிகசாலையில் எத்தனை நூல்கள் உண்டு என்று நாம் கேட்கவில்லை. அவற்றுள் எத்தனை நூல்களின் தாள்கள் விரல்பட்டுத் தேய்ந்திருக்கின்றன என்பதையே கேட்கிறோம். இங்கு ஒரு சிறு வேலையைத் தொடங்குமாறு நிருவாகத்தினரை வேண்டுகிறோம். வாரத்தில் ஒரு மாலை, ஊரவர் தமக்கு வந்த கடிதங்களையும் பத்திரங்களையும் இங்கே கொண்டு வரட்டும். படித்த பிள்ளைகள் அவற்றை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். மாதத்தில் ஒரு மாலை நாமும் வந்து உடன் அமர்வோம். அதற்குக் கட்டணம் இல்லை.

அந்தப் பத்துப் பரப்பிலே இவ்வாண்டும் வெங்காயம் நாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்பிள்ளை இப்போது ஆசிரியை. அவள் வகுப்பிலே பிள்ளைகள் பாடத்தை வேகமாக வாசித்தால் நிறுத்தி, "இன்னொருக்கால் வாசி" என்பாளாம். நாமும் அவ்வாறே சொல்லி அமைகிறோம்: இன்னொரு முறை படியுங்கள், இன்னொரு முறை முயலுங்கள்.